குதிரை போட்ட நோட்டு

அத்தியாயம் 14

புஷ்பம்மாள் வாயைத் திறந்தால் வம்புதான் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அந்த அம்மாள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து இறங்கிய கையோடு என்ன செய்தாள்? "எம் பொண்ணுக்கு மொத காப்ப எங்க அண்ணி போடட்டும்" என்று ஒரே போடாகப் போட்டாள். அதைக் கேட்டு நம் செண்பகத்தின் முகம் விழுந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

செண்பகம் இந்த மந்தைவெளி வீட்டின் மூத்த மருமகள். அவளுடைய மச்சினன் வேலுவின் மனைவி, புஷ்பம்மாளின் மகள் தாரணிக்கு இது ஏழாம் மாதம். ஓரகத்தி என்ற முறையும் இருந்தது, இரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்த பாசமும் இருந்தது. முதல் காப்பு தன் கையால்தான் என்று செண்பகம் ஆசையாக நினைத்து வைத்திருந்தாள்.

பிள்ளை பெறாதவள் கை என்பதால்தான் புஷ்பம்மாள் தட்டிவிடுகிறாள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கர்ப்பப்பையையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டவளுக்கு இதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தாரணி விடவில்லை. "அக்காதான் போடணும். இல்லாட்டி நான் மணையிலயே உக்கார மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். புஷ்பம்மாள் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். வேலு எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

இந்த லட்சணத்தில் வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேனேஜர் கதிரேசனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு அது. செண்பகம் விடிகாலையிலேயே தலைக்குக் குளித்து, கலவை சாதத்துக்குப் புளி ஊற வைத்து, எள்ளை வறுத்து, பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். புஷ்பம்மாள் சொன்னது உறுத்தினாலும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வெள்ளிக்கிழமைதான் கவர் வந்திருந்தது.

கவர் சமாசாரம் தெரியாமல் இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

செண்பகத்தின் புருஷன் தனபாலனுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. முன்பெல்லாம் லீவில் வரும்போது, கப்பல் நின்ற ஊருக்கு ஒரு நோட்டு என்று சட்டைப் பையில் நாலாக மடித்துக் கொண்டுவந்து அவள் கையில் வைப்பான். "இது எந்த ஊரு சொல்லு பாப்பம்" என்பான். அவள் தப்புத் தப்பாகச் சொல்லுவாள். அப்படித்தான் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் போனில், காண்ட்ராக்டை நீட்டிக்கொண்டு அப்புறமாக வருகிறேன் என்றான். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த நேரம். செண்பகத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ வரவே வேணாம். அங்கியே கெட" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம், ஒரு கப்பலை விட்டு இறங்கியதும் அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறானாம். பாரிமுனையில் இருக்கும் கம்பெனி ஆபீஸில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று வேலு வந்து சொல்லுவான்.

ஆனால் சில மாதங்களுக்கு ஒரு தடவை, அந்த ஆபீஸில் கொடுத்ததாக வேலு ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து தருவான். உள்ளே ஒரு வரி எழுத்து இருக்காது. ஒரே ஒரு நோட்டு இருக்கும்.

கோபம் தீரவில்லை, அதனால் எழுதவில்லை. பாசமும் விடவில்லை, அதனால் நோட்டு வருகிறது. செண்பகம் இப்படித்தான் அர்த்தம் செய்துகொண்டாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் தினமும் பூ வைத்துக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள்.

நோட்டு வந்ததும் அவள் முதலில் எழுத்தைப் பார்ப்பாள். பிறகு முகம். பிறகு பின்பக்கத்தில் என்ன மிருகம், என்ன மரம் என்று. "கூகுள்ல போட்டோ எடுத்துப் போட்டா ஒரு நிமிசத்துல சொல்லிடும்க்கா" என்று தாரணி ஆரம்பத்தில் சொன்னதுண்டு. செண்பகம் கேட்கமாட்டாள். புருஷன் அனுப்பிய சேதியை ஊரான் படித்துச் சொல்லுவானேன் என்பது அவள் கட்சி. மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிறுத்தை போட்ட ஒரு நோட்டு ஆப்பிரிக்கா என்று கண்டுபிடித்ததற்குத் தனக்குத்தானே ஜாங்கிரி வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது பச்சை நோட்டு. ஒரு பக்கம் ஓர் இளைஞனின் முகம். மறுபக்கம் மலையடிவாரத்தில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எழுத்தைப் பார்த்ததுமே ரஷ்யா என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அமீனா பீ வரைக்கும் செய்தி போய்விட்டது. அந்தக் குளிரில் மனுஷன் என்ன போட்டுக்கொண்டிருக்கிறானோ என்ற கவலையும் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் இடித்தது. நோட்டின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏதோ எழுதியிருந்தது. அவளிடம் இருந்த மற்றொரு ரஷ்ய நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

வளையல் வாங்க மாட வீதிக்குப் போகத்தான் வேண்டும். போகிற வழியில் ஸ்ரீஹரியிடம் காட்டிவிட்டால் என்ன? ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நாலரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள வந்து சேரு" என்று புஷ்பம்மாள் வாசலில் நின்று சொன்னாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. செண்பகம் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்ரீஹரிக்கு ஆழ்வார்பேட்டையில் வீடு. ஐ.டி. கம்பெனி உத்தியோகம், சனி ஞாயிறில் பழைய நோட்டு வியாபாரம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்து ஏலம் விடுகிற ஆள். ஒரு கண்காட்சியில் அறிமுகமாகி, இப்போது செண்பகம் அவனுக்கு வாடிக்கைக்காரி.

"வாங்கோ மேடம். அம்மா கோவிலுக்குப் போயிருக்கா. காபி போடத் தெரியாது, ஜூஸ் தரட்டுமா?" என்று வரவேற்றான்.

"ஒண்ணும் வேணாம் சார். வீட்ல வளைகாப்பு. இத ஒரு பார்வை பாத்துச் சொல்லிட்டா போதும். ரஷ்யாதானே இது?"

ஸ்ரீஹரி நோட்டைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டான். ஒரு பார்வைதான் பார்த்தான்.

"ரஷ்யாவா? இல்லவே இல்லை. மங்கோலியா. பத்து துக்ரிக். இதோ, மேலேர்ந்து கீழ எழுதியிருக்கா பாருங்கோ, இது அவாளோட பழைய எழுத்து. ரஷ்ய நோட்டு எதுலயும் இது வராது. மத்த எழுத்து ரஷ்யன் மாதிரி இருக்கறதால எல்லாரும் ஏமாந்து போவா."

தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. தனபாலன் எதிரில் இருந்தால் குட்டியிருப்பான்.

"மங்கோலியாவா? அங்க கப்பல் எந்த ஊர்ல சார் நிக்கும்?"

"கப்பலா?" ஸ்ரீஹரி சிரித்தான். "அங்க கடலே கெடையாதே மேடம்! மேல ரஷ்யா, கீழ சைனா. நடுவுல வெறும் புல்லும் குதிரையும்தான்."

செண்பகம் அந்தக் குதிரைகளைப் பார்த்தாள். பிறகு, "பக்கத்து நாட்ல நின்னாக்கூட கைமாறிக் கைமாறி இந்த நோட்டு வரும் இல்ல?" என்று கேட்டாள்.

"வரலாம். ஆனா இது அப்படி வந்தது இல்லை." நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். "ஒரு மடிப்பு கெடையாது. மூலை மழுங்கலை. பேங்க் கட்டுலேர்ந்து அப்படியே உருவினது. இந்தப் பத்துக்கு அந்த ஊர்ல ஒரு மிட்டாய்கூட வராது. நம்மளை மாதிரி சேர்க்கறவாளுக்குன்னே கட்டுக் கட்டா வெளில வர்றது. பாரிமுனையில கேட்டா நாப்பது ரூபாய்க்குத் தருவான். என்கிட்டயே பத்துப் பதினஞ்சு இருக்கே."

ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். அதே பச்சை, அதே குதிரைகள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு சின்னக் கட்டு.

செண்பகத்தின் கை தானாக ஆல்பத்தை எடுத்து அவன் முன் வைத்தது. கவரில் வந்த நோட்டுகளை அவள் இதுவரை ஸ்ரீஹரியிடம் காட்டியதே இல்லை. அவை தன் வீட்டுச் சமாசாரம் என்று வைத்திருந்தாள்.

"இதெல்லாம் எப்டின்னு கொஞ்சம் பாருங்க சார்."

பாவம், ஸ்ரீஹரிக்கு என்ன தெரியும்? ஜோராகப் பக்கம் புரட்டினான். "பலே, எல்லாமே ஃப்ரெஷ்ஷா வாங்கியிருக்கேள். இது பிரேசில், சின்ன மதிப்பு நோட்டு. ஈஜிப்ட் நன்னா இருக்கு. ஓ, சிறுத்தை! ஸயர். இது கொஞ்சம் பழசு. அந்தப் பேர்ல இப்ப நாடே கெடையாது, தெரியுமோ? பேரை மாத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. எந்தக் கடையில வாங்கினேள்?"

கடலே இல்லாத ஊரிலிருந்து ஒரு நோட்டு. இப்போது இல்லவே இல்லாத நாட்டிலிருந்து ஒரு நோட்டு. இதில் எந்தத் துறைமுகத்தில் அவன் இறங்கினான், எந்தக் கடையில் சில்லறை வாங்கினான்? செண்பகம் கண்ணை மூடித் திறந்தாள். ஸ்ரீஹரியின் மேஜை அங்கேயே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"சார், நான் முன்னாடி உங்ககிட்ட குடுத்தேனே, மடிச்ச நோட்டுங்க. இந்தோனேசியா, மலேசியா, அப்புறம் துருக்கி. அதுங்க இருக்குதா?"

"எதைச் சொல்றேள்?"

"பழசக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கினேனே சார்."

நோட்டுச் சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம் அது. கசங்கிய நோட்டைத் தள்ளிவிட்டு, அதே நோட்டில் மொறமொறப்பானதை வாங்கி அந்த இடத்தில் வைப்பது. ஆல்பம் பார்க்க லட்சணமாக இருக்கும். கவரில் வரும் நோட்டெல்லாம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்க, தனபாலன் கையால் தந்த நோட்டுகள் நாலு மடிப்பும் எண்ணெய்ப் பிசுக்குமாகப் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிந்தன. அவன் திரும்பி வந்து ஆல்பத்தைப் பார்த்தால் அசந்துபோக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஸ்ரீஹரியிடம் மாற்றிக்கொண்டாள். மேலே கொஞ்சம் காசும் போட்டு மாற்றினாள்.

"அதெல்லாம் மொத்தமா லாட் போட்டு எப்பவோ வித்தாச்சே மேடம். யார் வாங்கினான்னுகூட ஞாபகம் இல்லை. மடிப்பு விழுந்துட்டா அதுக்கு என்ன மதிப்பு? ஏன், எதாவது ரேர் நம்பரா?"

"இல்ல சார்."

அவள் ஆல்பத்தை மூடிப் பையில் வைத்தாள். இத்தனை பக்கத்தில் தன் புருஷன் விரல் பட்ட நோட்டு ஒன்றுகூட இல்லை என்பதை அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். அவளே கையால் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த நிமிஷம் அவளுக்குத் தன் மேல் வந்த ஆத்திரம் போல் வேறு யார் மேலும் வரவில்லை.

"மேடம், உடம்பு சரியில்லையா? தண்ணி குடிச்சுட்டுப் போங்கோ."

"பஸ்ஸு பிடிக்கணும் சார்" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

மாட வீதிக்கு எப்படிப் போனாள், சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை எப்படிப் பொறுக்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. கடைக்காரி, "யாருக்கும்மா?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு" என்று பதில் சொன்னாள்.

வேலுவின் ஆட்டோ தெப்பக்குளத்தோரம் வந்து நின்றது.

"இன்னா அண்ணி, போன் அடிச்சா எடுக்க மாட்டேன்ற? மணி மூணே கால் ஆவுது. அங்க எங்க மாமியார் சாமியாடிக்கினு கீது. ஏறு, ஏறு."

ஏறி உட்கார்ந்தாள். லஸ் பக்கம் நெரிசல் என்று வேலு சந்துக்குள் திருப்பினான். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, அப்பாவாகப் போகிற களையோடு இருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கேட்க மனசு வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"வேலு, மங்கோலியாவுல கடல் கீதா?"

"இன்னாது?"

"குதிரை போட்ட நோட்டு. மங்கோலியாவாம். அங்க கடலே இல்லியாம். உங்கண்ணன் கப்பல் அங்க எப்டிப் போச்சி?"

கண்ணாடியில் அவன் கண்கள் அவளைப் பார்த்தன. முகத்தில் ஈயாடவில்லை. வண்டி மெல்ல ஓரம் கட்டி, ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றுவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பாமலேயே உட்கார்ந்திருந்தான்.

"எங்க வாங்கின? பாரிமுனையிலயா?" என்று செண்பகமே கேட்டாள்.

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"ஆமா அண்ணி."

"இதப் போயி ஏன்டா எடுத்த?"

"கடைல நெறய காட்டுனான். குதிரை அழகா கீது, உனக்குப் புடிக்கும்னு..." ஹேண்டில் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். வளர்ந்த ஆண்பிள்ளை, தெருவில், ஆட்டோவில். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள்.

செண்பகம் அவனை அழவிட்டாள். தேற்றுகிற நிலையில் அவள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாட்கள். அவளுடைய போன் அவனிடம் இருந்தது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்கா பக்கம் நடுக்கடலில் புயல்காற்று. சமையல் கழிவைக் கொட்டக் கப்பலின் பின்பக்கம் போன தனபாலன் திரும்பி வரவில்லை. கப்பலைத் திருப்பிக்கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றித் தேடினார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை.

"உனுக்கு ரத்தம் நிக்காம போய்க்கினு இருந்துச்சி அண்ணி. டாக்டரம்மா எதையும் சொல்லக்கூடாதுன்னுச்சி. சரி, வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன். வீட்டுக்கு வந்து நீ கஞ்சியத் தொடல. 'நான் வெச்ச வார்த்தைக்கு அந்தாளு போன்கூடப் பண்ணல, பாரு'ன்னு அதையே சொல்லிக்கினு இருந்த. நான் இன்னா பண்ணுவேன்? பாரிமுனை போய் ஒரு நோட்டு வாங்கியாந்து கவர்ல போட்டுக் குடுத்தேன். அன்னிக்கு நீ ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்ச."

"அதோட நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"எப்டி நிறுத்துவேன்? நீ அடுத்தது எப்ப வரும்னு கேட்டியே."

அவள் கேட்டது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கவர் தாமதமானால் இவனைத்தான் பிய்த்து எடுத்தாள்.

"செத்துட்டாருன்னு கம்பெனிக்காரன் எழுதித் தரல அண்ணி. காணோம்னுதான் எழுதிகினு கீறான். ஏழு வருசம் போனாத்தான் சர்டிபிகேட் தருவாங்களாம். அதான் நானும்..."

"நீயும்? உயிரோட கீறாருன்னு நெனக்கிறியா?"

வேலு பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் தனபாலன் இரண்டாம் தடவையாகக் கடலில் விழுந்தான். செண்பகத்துக்கு அழுகை வரவில்லை. அங்கேயே கிட என்று சொன்னது அவள் வாய்தான், வேறு யாருடைய வாயும் இல்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"தாரணிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னியே சொல்ட்டேன். இந்த மாசந்தான் எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிபோச்சி."

ஆக, முதல் காப்பைத் தன் அண்ணி போடட்டும் என்று புஷ்பம்மாள் சொன்னது அதற்காகத்தான். பிள்ளை பெறாதவள் கை என்று அந்த அம்மாள் தள்ளவில்லை. தாலி இருந்தும் தாலிக்கு உடையவன் இல்லாதவள் கை என்று தள்ளியிருக்கிறாள். இரண்டு வருஷமாக இவள் வைத்த பூவையும் பொட்டையும் பார்த்துக்கொண்டே தாரணி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறாள்.

"வண்டிய எடு" என்றாள்.

"அண்ணி..."

"ராகு காலம் வந்துடும். எடுடா."

வீட்டில் பெண்கள் கூட்டம் நெரிந்தது. கலவை சாதங்கள் ஏனங்களில் மூடி வைக்கப்பட்டிருந்தன. பச்சைப் பட்டுப்புடவையில் தாரணி மணையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ. வயிறு முன்னால் தள்ளியிருந்ததால் நிமிர்ந்து உட்காரச் சிரமப்பட்டாள்.

செண்பகம் நேரே அடுப்படிக்குப் போய் புஷ்பம்மாளிடம் வளையல் பையைக் கொடுத்தாள்.

"உங்க அண்ணியே போடட்டும்மா" என்றாள்.

புஷ்பம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வாசலில் தயங்கி நின்ற மருமகனின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வந்தால் தெருவையே இரண்டாக்கும் வாய், அன்று தணிந்தது.

"நான் உன்னிய ஒதுக்கணும்னு சொல்லலடி. வயித்துப் புள்ளத்தாச்சி, எதுனா ஒண்ணு ஆயிடக்கூடாதேன்னு பயம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குந்தாம்மா பயம்" என்றாள் செண்பகம். அது உண்மை. அந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது பிறக்கப் போகிற அந்தக் குழந்தை ஒன்றுதான். தன் கை பட்டு அதற்கு ஒரு கெடுதல் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நேற்று வரை சிரித்திருப்பாள், இன்று அவளே அதை நம்பினாள்.

புஷ்பம்மாளின் அண்ணி வேப்பிலைக் காப்பை எடுத்துக்கொண்டு மணையருகே போனாள். தாரணி கையை மடக்கிக்கொண்டாள்.

"எங்கக்கா வரட்டும்."

"அடியே, நேரமாவுதுடி!"

"வரட்டும். நான் இப்டியே உக்காந்துக்கினு இருப்பேன்."

கூட்டம் சளசளத்தது. யாரோ, "செண்பகம், போயேன்மா, ஏன் பிகு பண்ணிக்கிற?" என்று கேலி செய்தார்கள். நாலு பேர் அவளை முன்னால் தள்ளினார்கள். வேறு வழியில்லாமல் மணை எதிரில் போய் உட்கார்ந்தாள். தாரணியின் கன்னத்தில் சந்தனம் தடவக் குனிந்தாள்.

"தெரிஞ்சும் ஏன்டி என்னக் கூப்ட்ட?" என்று அவள் காதோடு கேட்டாள்.

தாரணியின் கண்கள் சட்டென்று அகன்றன. வாசலில் நின்ற புருஷனைத் தேடின. அவனைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"மூணு மாசம் வாந்தி எடுத்தப்போ எங்கம்மாவாக்கா கையில ஏந்துனா?" என்று கிசுகிசுத்தாள். "போடுங்கக்கா. எனக்குப் பயமில்ல."

மடக்கிய கையைத் தாரணி நீட்டினாள். செண்பகம் வேப்பிலைக் காப்பை எடுத்து அந்தக் கையில் ஏற்றினாள். குலவைச் சத்தம் வீட்டைத் தூக்கியது. தாரணி பொலபொலவென்று அழுதாள். தாய் வீடு போகப் போகிற பெண் அழுகிறாள் என்று கிழவிகள் சமாதானம் சொன்னார்கள். புஷ்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அடுத்து கண்ணாடி வளையல். செண்பகம் விரல்களைக் குவித்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை.

இந்த நேரம் பார்த்து அமீனா பீ, தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மனுஷி. ஊரில் உள்ள எல்லாருடைய பிள்ளைகளும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று நினைக்கிறவள்.

"செண்பகம், ரஷ்யாவுல பனி ஜாஸ்தியாமே? தனபாலு கம்பளி எதுனா எடுத்துக்கினு போச்சா?"

கூட்டத்தில் பாதிப் பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தனபாலன் சேதி என்றால் எல்லாருக்கும் ஆசை. தாரணியின் கை அவள் கைக்குள் சில்லிட்டுப் போனது. வாசலில் வேலு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், இந்த மணையும் இந்தப் பூவும் என்ன ஆகும்? வளைகாப்பு வீடு இழவு வீடாகும். காலம் பூராவும் இந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் இந்த நாளைத்தான் சொல்லும். சொல்லாவிட்டால்? இத்தனை நாள் வேலு சுமந்தது இனி அவள் தலைக்கு வரும்.

"ரஷ்யா இல்ல பூபு, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள் செண்பகம். "மங்கோலியாவாம்."

"அப்டியா? அங்கியா கப்பல் நிக்குது?"

"ஆமா. அங்க ஒரு துறைமுகத்துலதான் நிக்குது."

குரல் பிசிறவில்லை. வாசலில் வேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அல்லா காப்பாத்தட்டும்" என்றாள் அமீனா பீ. "எப்போ கெளம்பி வருதாம்?"

செண்பகம் தாரணியின் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் அந்தக் கைக்கு வளையல் போட வேண்டியிருந்தது.